இன்ஜின் போயிடுச்சு என்கிறதா சர்வீஸ் சென்டர்? ‘சரி’ சொல்லும் முன் கேட்க வேண்டியவை

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்றன. மழை வலுக்கும் முன்பே காரைப் பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு மக்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் பார்த்தவர்களுக்கு அது எளிய கணக்கு. பாலத்தில் நிறுத்தினால் அதிகபட்சம் ஓர் அபராதம். தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு வரும் எஸ்டிமேட்டோ லட்சத்தில் இருக்கும்.

“சார், இன்ஜின் போயிடுச்சு. மாத்தித்தான் ஆகணும். அப்ரூவல் கொடுத்தீங்கன்னா வேலையை ஆரம்பிச்சிடுவோம்.”

டீலரின் சர்வீஸ் சென்டரிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்வது? வெள்ளத்தில் நின்ற கார் என்றில்லை. திருச்சி போகும் வழியில் ஓவர்ஹீட் ஆகி நின்ற கார், டைமிங் பெல்ட் அறுந்த கார், ஆயில் குடிக்க ஆரம்பித்த பழைய கார் என எல்லாவற்றுக்கும் ஒருநாள் இந்த போன் வரலாம். ‘கம்பெனிக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று ஒரு தரப்பு. ‘ஷோரூம்ல விட்டா மொட்டை அடிச்சிடுவாங்க, வெளிய பாருங்க’ என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே பாதிதான் உண்மை. நம்பலாமா, கூடாதா என்பதை வாசலில் இருக்கும் போர்டு தீர்மானிப்பதில்லை. இன்ஜினைத் திறப்பதற்கு முன் அவர்கள் எதைக் காட்டுகிறார்கள், எதை எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

டீலர் வேறு, கம்பெனி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘கம்பெனி சர்வீஸ்’ என்று நாம் சொல்லும் இடம் பெரும்பாலும் கார் தயாரிப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானது அல்ல. அந்த பிராண்டின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கி, தன் சொந்த முதலீட்டில் தொழில் நடத்தும் தனி நிறுவனம் அது. பயிற்சி, கருவிகள், உதிரிபாகங்கள், செய்முறை ஆகியவை தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வரும். ஆனால் லாபம், நஷ்டம், ஊழியர், சம்பளம் எல்லாம் டீலருடைய பொறுப்பு.

அதனால்தான் ஒரே பிராண்டின் இரண்டு சர்வீஸ் சென்டர்கள் ஒரே காருக்கு இரண்டு விதமான எஸ்டிமேட் கொடுப்பது சாத்தியமாகிறது. உங்களிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர் பெரும்பாலும் இன்ஜினைக் கையால் தொடுபவர் அல்ல. பில் தொகைக்கு மாத டார்கெட்டும் இன்சென்டிவும் இருப்பது இந்தத் துறையில் ரகசியமும் அல்ல. இதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டத் தேவையில்லை. அவர் சொல்வதற்கு ஆதாரம் கேட்பது தவறில்லை என்று புரிந்துகொண்டால் போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சர்வீஸ் சென்டரில் தினமும் நடக்கும் வேலை ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, பம்பர் அடிபட்டதைச் சரிசெய்வது போன்றவைதான். இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டும் வேலை அங்கே அபூர்வமாகத்தான் வரும். அதே வேலையை வெளியில் மாதம் நாலைந்து தடவை செய்யும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ‘யார் செய்யப்போகிறார்’ என்ற கேள்வி அதனால்தான் முக்கியமாகிறது.

‘இன்ஜின் போயிடுச்சு’ என்றால் என்ன?

இது ஒரு நோயின் பெயர் அல்ல. ‘உடம்பு சரியில்லை’ என்பது மாதிரியான பேச்சு. அதற்குள் பல விதமான பழுதுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு.

வெள்ளத்தில் சிக்கிய காரை எடுத்துக்கொள்வோம். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நேரத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலோ, ‘ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்’ என்று யாராவது சாவியைத் திருப்பினாலோ, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சில சமயம் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும். இதைத்தான் ‘ஹைட்ரோலாக்’ என்கிறார்கள்.

ஆனால் நின்ற இடத்திலேயே தண்ணீரில் மூழ்கி, யாரும் ஸ்டார்ட் செய்யாத காரில் ராட் வளைய வாய்ப்பு குறைவு. அங்கே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, உள்ளே துரு பிடிக்கும் முன் சுத்தம் செய்தால் இன்ஜின் பிழைத்துக்கொள்ளலாம். வயரிங், சென்சார், இசியூ ஆகியவற்றுக்கு ஆகும் செலவு தனிக் கதை. ‘தண்ணீர் புகுந்தது’ என்பதும் ‘ராட் வளைந்தது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே பல பத்தாயிரங்கள், சில கார்களில் லட்சங்கள் வித்தியாசம் இருக்கிறது.

ஓவர்ஹீட் ஆன காரில் ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருக்கலாம். ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து சமப்படுத்த முடியலாம். எல்லை மீறி வளைந்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோதான் புது ஹெட். நீலப் புகை விடும் காரில் வால்வ் சீல் மட்டும் பிரச்சினையாக இருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டரே தேய்ந்து போரிங் செய்ய வேண்டிய நிலையும் இருக்கலாம். டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வ் வளைந்துவிடும். அதற்காக இன்ஜின் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதில்லை.

இவற்றில் எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை, சோதனைகள் இருக்கின்றன. கம்ப்ரஷன் டெஸ்ட் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று எண்ணாகக் காட்டும். அந்த அழுத்தம் எங்கே கசிகிறது என்பதை லீக் டவுன் டெஸ்ட் காட்டும். பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டால் சிலிண்டர் சுவரில் உள்ள கீறலையும் துருவையும் படமாகவே பார்க்கலாம். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியும். அப்படி இருந்தால் ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே “இன்ஜின் போயிடுச்சு” என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு ஆகும்’ அல்ல. “என்ன டெஸ்ட் பண்ணீங்க? ரிசல்ட் என்ன வந்துச்சு?” என்பதுதான். நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களையும் கேமரா படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சர்வீஸ் சென்டர் பாதி நம்பிக்கையை அங்கேயே சம்பாதித்துவிடுகிறது. “எங்க டெக்னீஷியன் பார்த்துட்டார் சார்” என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை என்றால், இன்னோர் இடத்தில் காட்டும்வரை சம்மதம் சொல்லாமல் இருப்பது நல்லது.

பிரித்த பிறகு பேசும் பலம் மாறிவிடும்

இன்ஜின் வேலையில் பலர் கவனிக்காத ஒரு கட்டம் உண்டு. கார் முழுதாக நிற்கும்வரை அதை டோ செய்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். இன்ஜினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, போல்ட் நட்டெல்லாம் தட்டுகளில் கிடக்கும்போது அது அவ்வளவு எளிதல்ல. “வேணாம், நான் எடுத்துக்கிறேன்” என்றால், பிரித்த கூலி, திரும்பப் பூட்டும் கூலி, சில இடங்களில் வண்டி நின்ற நாள்களுக்கான பார்க்கிங் கட்டணம் என்று பில் வரும்.

சட்டமும் இந்த இடத்தில் பழுதுபார்ப்பவருக்கு ஓர் உரிமை தருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-ன்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்கு உரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம். செய்யாத வேலைக்கும், ஒப்புக்கொள்ளாத வேலைக்கும் இந்த உரிமை பொருந்தாது. ஆனால் எதை ஒப்புக்கொண்டோம் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அதை எப்படி நிரூபிப்பது?

ஆகவே பிரிப்பதற்கான சம்மதத்தையும் பழுதுபார்ப்பதற்கான சம்மதத்தையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. ‘பிரித்துப் பார்க்க இவ்வளவு. பார்த்தபின் வேலை வேண்டாம் என்றால் கட்ட வேண்டியது இவ்வளவு. அதற்கு மேல் என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது’ என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லலாம். இ-மெயிலில் இரண்டு வரி அனுப்பினாலும் போதும். போனில் சொல்லும் ‘சரி’ பின்னால் இரு தரப்புக்கும் இரண்டு விதமாக ஞாபகம் இருக்கும்.

பணம் யாருடையது?

டீலரிடம் செய்யலாமா, வெளியில் செய்யலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. செலவை யார் ஏற்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

வாரன்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டீலரிடம்தான் போக வேண்டும். வெளியில் யாரும் இன்ஜினைத் தொடக் கூடாது. தொட்டால் ‘அவர்கள் செய்ததால் வந்த பழுது’ என்று சொல்ல வழி கொடுத்ததாகிவிடும். வாரன்டி தயாரிப்புக் குறைபாட்டுக்குத்தான். வெள்ளத்தில் ஓட்டியதற்கும், ஆயில் மாற்றாமல் விட்டதற்கும் பொருந்தாது. அதே சமயம், டீலர் ‘வாரன்டி வராது’ என்று வாயால் சொன்னால் அது முடிவல்ல. எந்த விதியின்படி வராது என்று எழுதித் தரச் சொல்லி, அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பலாம். வாரன்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்றால் ‘குட்வில்’ என்ற பெயரில் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்பதும் உண்டு. கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. காரின் சேசிஸ் எண்ணுக்கு ரீகால் ஏதாவது அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுவிட வேண்டும். இருந்தால் அந்தக் குறையைச் சரிசெய்யப் பணம் கட்டத் தேவையில்லை.

இன்சூரன்ஸ் என்றால் வரிசை முக்கியம். முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல், அடுத்து சர்வேயர் பார்வை, அதன்பிறகுதான் இன்ஜினைப் பிரிப்பது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்றால், அதைத் தொடர்விளைவுச் சேதம் என்று சொல்லி நிராகரிப்பது வழக்கம். ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ ஆட்-ஆன் இருந்தால்தான் அந்தச் செலவுக்குப் பாதுகாப்பு. அந்த ஆட்-ஆனிலும் நிபந்தனைகள் உண்டு என்பதால் பாலிசி தாளைப் படித்துவிட வேண்டும்.

முழுத் தொகையும் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கணக்குக்காக 6 வயதான, 1,500 சிசிக்கு உட்பட்ட ஒரு காரை வைத்துக்கொள்வோம். அதன் ஐடிவி, அதாவது பாலிசியில் குறித்த மதிப்பு, 4 லட்சம் ரூபாய். எஸ்டிமேட் 2.2 லட்சம். அதில் உலோக பாகங்கள் 1.5 லட்சம், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் 30,000, கூலி 40,000. ஐந்து முதல் பத்து வருடக் காருக்கு உலோக பாகங்களில் 40 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக்கில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். அதாவது 60,000 கூட்டல் 15,000. கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாயையும் சேர்த்தால், ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லாதவர் கையிலிருந்து 76,000 ரூபாய் போகும். ஆயில், கூலன்ட் போன்றவற்றின் செலவு இதற்கு மேல். எஸ்டிமேட் ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இந்தக் காருக்கு 3 லட்சத்தைத் தாண்டினால், பழுதுபார்க்காமல் ‘டோட்டல் லாஸ்’ ஆக எடுத்துக்கொள்வார்கள்.

‘இன்சூரன்ஸ்தானே கட்டுது, எவ்வளவு போட்டால் என்ன’ என்று எஸ்டிமேட்டைப் பார்க்காமல் விடுவது ஏன் தவறு என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். பில்லில் சேரும் ஒவ்வொரு உலோக பாகத்துக்கும் இந்த உரிமையாளர் நூற்றுக்கு நாற்பது ரூபாய் கட்டுகிறார்.

மூன்றாவது, முழுக்கச் சொந்தப் பணம். உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது.

சொந்தப் பணம் என்றால் எங்கே?

டீலரிடம் செய்வதில் சில நன்மைகள் மறுக்க முடியாதவை. அந்த இன்ஜினுக்கென்று உள்ள சிறப்புக் கருவிகள், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவுகள், இசியூவைப் புரோகிராம் செய்யும் மென்பொருள் எல்லாம் அங்கே இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்6 கார்களில், குறிப்பாக டீசலிலும் டர்போ பெட்ரோலிலும், இவை இல்லாமல் வேலை செய்வது கடினம். பில் முறையாக வரும். செய்த வேலைக்கு வாரன்டி இருக்கும். பின்னால் காரை விற்கும்போது சர்வீஸ் ஹிஸ்டரிக்கு மதிப்பும் உண்டு.

குறை என்னவென்றால், டீலர்கள் பழுதானதைச் சரிசெய்வதைவிட மொத்தமாக மாற்றுவதை விரும்புவார்கள். ராட் ஒன்றுதான் வளைந்திருக்கிறது என்றாலும் ‘ஷார்ட் பிளாக்’ மாற்றலாம் என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. பாதி பழசும் பாதி புதுசுமாகப் பூட்டிய இன்ஜினுக்கு வாரன்டி கொடுப்பது அவர்களுக்குச் சிரமம். ஆனால் பத்து வருடம் ஓடிய, சந்தையில் மூன்று லட்சம் பெறும் காரில் இரண்டு லட்சத்துக்கு இன்ஜின் போடுவதில் அர்த்தமிருக்கிறதா என்பது டீலரின் கேள்வி அல்ல, உரிமையாளரின் கேள்வி.

வெளியில், நல்ல கையுள்ள மெக்கானிக், தெரிந்த லேத் பட்டறை, ஜிபி ரோட்டில் தரமான உதிரிபாகம் என்று அமைந்துவிட்டால் பழைய, எளிய இன்ஜின்களில் அதே வேலை மிகக் குறைந்த செலவில் முடியும். சிலிண்டர் போரிங், ஹெட் ஃபேஸிங் போன்றவற்றை டீலர்களும் வெளிப் பட்டறைக்கு அனுப்புவது உண்டு. “லேத் வேலையை எங்க கொடுக்கிறீங்க?” என்று டீலரிடமும் தயங்காமல் கேட்கலாம்.

வெளியே செய்வதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பில் இல்லாமல் வேலை கொடுப்பது. ‘பில் வேணாம்ணே, ஜிஎஸ்டி மிச்சம்’ என்று முடித்துக்கொண்டால், ஆறு மாதத்தில் அதே பழுது திரும்பி வரும்போது கேட்க நாதி இருக்காது. இரண்டாவது, புதுப்பேட்டை போன்ற இடங்களில் வாங்கும் பழைய இன்ஜின். ஆர்சியில் இன்ஜின் எண் இருக்கிறது. பிளாக் மாறினால் எண்ணும் மாறும். அதை ஆர்டிஓ அலுவலகத்தில் முறைப்படி பதிந்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். எந்தக் காரிலிருந்து வந்தது என்று காட்ட பில் இல்லாத இன்ஜினை வாங்கினால், போலீஸ் சோதனையிலும் விபத்து க்ளெய்மிலும் சிக்கல் வரும். டீலரே புது பிளாக் போட்டாலும் இந்த எண் மாற்ற வேலை உண்டு. அதை யார் செய்து தருவார்கள் என்று முன்னமே கேட்டுவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் எட்டு கேள்விகள்

டீலரோ, தெருமுனை மெக்கானிக்கோ, இந்தக் கேள்விகள் இருவருக்கும் பொது.

1. என்ன பழுது, என்ன சோதனையில் தெரிந்தது? எண்களும் படங்களும் கிடைக்குமா?

2. இந்தப் பழுது எதனால் வந்தது? காரணத்தைச் சரிசெய்யாமல் இன்ஜினை மட்டும் மாற்றினால், ஓவர்ஹீட் ஆன புது இன்ஜின் மறுபடி ஓவர்ஹீட் ஆகும்.

3. சரிசெய்தால் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு? இரண்டு எஸ்டிமேட்டும் தனித்தனியாக வேண்டும்.

4. எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்தின் எண், விலை, கூலி, வரி தனித்தனியாக இருக்கிறதா? ‘இன்ஜின் ரிப்பேர் – 1,80,000’ என்று ஒற்றை வரியில் இருந்தால் அது எஸ்டிமேட் அல்ல. கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதம் போட்டிருந்தால் கேட்க வேண்டும்.

5. தொகை கூடினால் எப்போது சொல்வீர்கள்? குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஜாப் கார்டில் இருக்க வேண்டும்.

6. இந்த வேலையைச் செய்யப்போகும் டெக்னீஷியன் யார்? இதே இன்ஜினை அவர் இதற்கு முன் பிரித்துப் பூட்டியிருக்கிறாரா? முடிந்தால் அவரிடமே ஐந்து நிமிடம் பேசலாம்.

7. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? இன்சூரன்ஸ் க்ளெய்மில் அவற்றுக்கு நிறுவனம் உரிமை கோரலாம். அப்படியானால் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

8. செய்த வேலைக்கு வாரன்டி எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர்? பாகத்துக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா?

இந்த எட்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் எதுவானாலும் அங்கே காரை விடலாம். “அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார், நீங்க கவலைப்படாதீங்க” என்பது எட்டில் ஒன்றுக்குக்கூடப் பதில் அல்ல.

ஏமாற்றப்பட்டால்?

முதலில் சர்வீஸ் மேனேஜர், பிறகு தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. எல்லாம் எழுத்தில். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு என்றும், பில் கொடுக்காமல் இருப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

வழக்கில் தயாரிப்பு நிறுவனம் ‘டீலர் செய்த தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று சொல்வது வழக்கம். டீலர் ‘பாகத்தின் குறைபாடு, கம்பெனியைக் கேளுங்கள்’ என்பார். எனவே இருவரையும் எதிர்தரப்பில் சேர்ப்பது நல்லது. இன்ஜின் விவகாரத்தில் தவறு நடந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, நிபுணர் கருத்தோ சோதனை அறிக்கையோ தேவைப்படலாம். அப்போது கையில் இருக்கப்போவது அந்தப் பழைய பாகங்களும், எண்களும், படங்களும், ஜாப் கார்டும்தான்.

அரசு செய்ய வேண்டியது

இத்தனையையும் வாடிக்கையாளர்தான் கேட்டு வாங்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர்கள் மட்டும் ஏமாறாமல் இருக்கும் ஒரு சந்தை சரியான சந்தை அல்ல.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கார் பழுதுபார்ப்புக்கென்றே 1971-ல் சட்டம் வந்தது. எழுத்தில் எஸ்டிமேட் கொடுக்காமல், வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அங்கே வேலை செய்யக் கூடாது. முன்பே கேட்டால் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். இதைக் கண்காணிக்கத் தனி அரசு அமைப்பே இருக்கிறது. இந்தியாவில் பொதுவான நுகர்வோர் சட்டம் இருக்கிறதே தவிர, வொர்க்‌ஷாப் வாசலில் கைகொடுக்கும் இப்படியொரு சட்டம் இல்லை.

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடுகளுக்குச் சென்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் கார்களும் ஒரு பிரிவு. தகவல்களை ஓரிடத்தில் திரட்டித் தருகிறது என்ற அளவில் அது பயனுள்ளது. ஆனால் டீலரின் ஜாப் கார்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஓர் இணையதளம் மாற்றிவிடாது.

தேவை பெரிய சட்டப் புரட்சி அல்ல, மூன்று விதிகள். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட வேலைக்கு, பாகம் வாரியாக எழுதிய எஸ்டிமேட் கட்டாயம். தொகை கூடினால் எழுத்தில் சம்மதம் கட்டாயம். கேட்டால் பழைய பாகங்களைக் காட்டுவது கட்டாயம். இவை டீலருக்கும், சாலையோர வொர்க்‌ஷாப்புக்கும் சேர்த்தே இருக்க வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர்கள் ஏற்கெனவே இதைத்தான் செய்கிறார்கள்.

அந்த விதிகள் வரும்வரை வேலை வாடிக்கையாளர் கையில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பாலிசி தாளை எடுத்து இன்ஜின் ப்ரொடெக்ட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தண்ணீரில் நின்ற காரில் சாவியைத் திருப்பாதீர்கள், வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள். அப்படியும் அந்த போன் வந்துவிட்டால், “பிரிக்க வேண்டாம், நான் நேரில் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.